சித்திரை என்னும் இரட்டை மீன்

கரக்பூரில் வாழும் நம்மவர்க்குப் புத்தாண்டு இருமுறை வருகின்றது. ஏப்ரல் 14ஆம் நாள் நம் வீடுகளில் மாங்காயும் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த பச்சடி. பெரும்பாலும் அதற்கு மறுநாள், பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து 'பொய்லா போய்ஷாக்' இனிப்புத் தட்டு. சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் நாளுக்கு விடுப்பு வேண்டி அலுவலகத்தில் யான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது, எதிர் மேசையில் அமர்ந்திருந்த மூத்த எழுத்தர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "தாதா, எங்களுக்குச் சைத்ர மாதம் இன்றோடு தீர்கின்றது. உங்களுக்கோ நாளைதான் சித்திரை பிறக்கின்றது என்கிறீர்கள். வண்டி தாமதமாக வருவது கண்டிருக்கிறேன். மாதமும் தாமதமாக வருமோ?"

அறையிலிருந்தோர் அனைவரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். ஆனால் விடை சொல்லத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தந்தையார் பணியாற்றிய இரயில்வேயிலேயே எழுத்தனாக அமர்ந்தவன் யான். வானநூல் கற்றவன் அல்லேன். எனினும், நாள்தோறும் நாவில் வரும் ஒரு மாதப் பெயருக்குப் பொருள் தெரியாதிருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அதன்பின் கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டிக் கண்டவற்றையே இம்மலரில் எழுதுகின்றேன். புத்தாண்டு தையா, சித்திரையா என்னும் வழக்கினுள் யான் புகவில்லை. அது பெரியோர் பாடு. யான் சொல்லப் புகுவது சித்திரை என்னும் விண்மீனைப் பற்றியது.

முதலில் நண்பரின் வினாவுக்கு விடை. மாதப் பெயர்கள் முழுநிலவை வைத்து எழுந்தவை. முழுநிலவு எந்த நாள்மீனின் அருகே நிற்கின்றதோ அம்மீனின் பெயரே மாதத்தின் பெயர். முழுநிலவு எப்போதும் ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்பது. ஞாயிறு மேடத்தில் அடியெடுத்து வைக்கும் நாளில் அதற்கு நேர் எதிரே இருப்பது சித்திரை மீன். ஞாயிறு மேடத்தைக் கடந்து முடிக்கும் போதோ எதிரே இருப்பது விசாகம். ஆகவே அந்த ஒரு மாதத்தின் தொடக்கத்தில் முழுநிலவு வருமாயின் சித்திரையை ஒட்டி நிற்கும்; இறுதியில் வருமாயின் விசாகத்தை ஒட்டி நிற்கும். தமிழர் முன்னதைக் கொண்டு சித்திரை என்றனர். வங்காளியர் பின்னதைக் கொண்டு வைசாகம் என்றனர். இரு பெயருக்கும் வானில் சான்று உண்டு. 2025ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் நம் ஊரில் சித்திரைப் பௌர்ணமி. அன்றே இங்குப் புத்த பூர்ணிமா. ஒரே நிலவை இரு பெயரிட்டு இரு வீட்டாரும் கொண்டாடினோம். அன்று நிலவு நின்ற இடம் உண்மையில் விசாகத்தை ஒட்டியதே. அந்த ஓர் ஆண்டு வங்காளியர் பக்கமே வலுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு பெருமை ஒரு விண்மீனுக்கு வந்த காரணம் என்ன? கன்னி இராசியின் ஒளிமிக்க மீன் அது. வான் முழுவதிலும் ஒளிமிக்க இருபது மீன்களுள் ஒன்று. மேனாட்டார் அதனை ஸ்பைக்கா, அதாவது கதிர், என்பர். கன்னியின் கையிலுள்ள தானியக் கதிராம். அதனினும் முதன்மையானது அதன் இருப்பிடம். ஞாயிறும் திங்களும் செல்லும் பாதையை ஏறத்தாழ ஒட்டியே, இரண்டு பாகை விலகி நிற்கின்றது. இருப்புப் பாதை ஓரத்தில் நட்ட கிலோமீட்டர் கல் போன்றது என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். வண்டி எங்கே வந்துள்ளது என்று அறியக் கல்லைப் பார்ப்பது போல, ஞாயிறும் திங்களும் எங்குள்ளன என்று அறிய முன்னோர் இம்மீனைப் பார்த்தனர்.

அங்ஙனம் பார்த்தவருள் டிமோக்காரிஸ் என்பவர் ஒருவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்து சித்திரை மீனின் இடத்தை அளந்து எழுதி வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஹிப்பார்க்கஸ் என்னும் கிரேக்கர் அதே மீனை மீண்டும் அளந்தார். அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. சந்திர கிரகணத்தின் போது நிலவு ஞாயிற்றுக்கு மிகச் சரியாக எதிரே இருக்கும். ஆகவே ஞாயிறு நிற்கும் இடத்தைக் கொண்டு நிலவின் இடம் ஐயமின்றிப் புலப்படும். அந்நேரத்தில் நிலவுக்கும் சித்திரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டால் மீனின் இடமும் புலப்படும். இங்ஙனம் அளந்ததில், பகலும் இரவும் ஒத்த இலையுதிர்காலப் புள்ளியிலிருந்து மீன் 6 பாகை தொலைவில் இருந்தது. டிமோக்காரிஸ் எழுதியதோ 8 பாகை.

இரண்டு பாகை வேறுபாடு. வேறொருவராயின் முன்னவர் பிழை செய்தார் என்று தள்ளியிருப்பர். கணக்குப் புத்தகத்தில் பழைய எழுத்தர் எழுதிய தொகை ஒவ்வாவிடில் நாம் செய்வதும் அதுவே அன்றோ? ஹிப்பார்க்கஸ் அங்ஙனம் செய்யவில்லை. இரு கணக்கும் சரி. பகலிரவு ஒக்கும் புள்ளியே நகர்கின்றது என்று துணிந்தார். நூறாண்டுக்கு ஒரு பாகைக்குக் குறையாமல் நகர்வதாக அவர் கண்டதை டாலமி தம் நூலில் குறித்து வைத்துள்ளார். இன்றைய கணக்கின்படி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. நம் நாட்டு நூல்கள் அயனாம்சம் என்று பேசுவது இந்நகர்ச்சியின் அளவையே.

இதனால் விளைவது என்ன என்பதை நம் தொழில் மொழியிலேயே சொல்லலாம். பருவங்களைக் கொண்டு எண்ணும் ஆண்டைவிட, விண்மீன்களைக் கொண்டு எண்ணும் நம் ஆண்டு ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. ஆண்டு என்னும் வண்டி ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் தாமதமாக வந்து சேர்கின்றது. ஒரு முறைக்கு அது தாமதமே அன்று. ஆனால் 72 ஆண்டில் ஒரு நாள் ஆகிவிடும். கி.பி. 285ஐ ஒட்டிய காலத்தில் சித்திரைப் பிறப்பு, பகலும் இரவும் ஒத்த நாளிலேயே நிகழ்ந்திருக்கும் என்பது இன்றைய கணக்கு. இப்போது மார்ச்சு 20, 21இல் வரும் அந்நாளுக்கு ஏறத்தாழ 24 நாள் கழித்தே நமக்குச் சித்திரை பிறக்கின்றது. எனது நண்பர் 'மாதமும் தாமதமாக வருமோ' என்று கேலியாகக் கேட்டார். வரும் என்பதே உண்மை. ஆனால் அத்தாமதத்தில் அவருடைய போய்ஷாகும் நம்மோடு ஒரே வண்டியில்தான் வருகின்றது.

இனி, விண்மீன் வட்டத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது? வட்டத்துக்கு முதலும் முடிவும் கிடையா. எங்கேனும் ஒரு முளை அடித்தாக வேண்டும். சூரிய சித்தாந்தம் சித்திரை மீனை 180ஆம் பாகையில், அதாவது தொடக்கத்துக்கு நேர் எதிரே வைத்தது. பிரம்மகுப்தர் 183 என்றார். இவ்வாறு வேறுபட்ட கணக்குகளால் ஒரே பண்டிகை ஊருக்கொரு நாளில் வந்தது. விடுதலைக்குப் பின், 1952இல் இந்திய அரசு பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. அறிஞர் மேகநாத் சாகா தலைவர், என்.சி. லாகிரி செயலாளர். நாட்டில் ஏறத்தாழ 30 வகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் இருப்பதை அக்குழு கண்டது. 1955இல் அறிக்கை வெளிவந்தது. 1957 மார்ச்சு 22இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சமயப் பண்டிகைகளுக்கு வேண்டிய விண்மீன் கணக்கிற்குக் குழு அடித்த முளை சித்திரை மீனே. அதற்கு எதிர்ப்புள்ளியைத் தொடக்கமாகக் கொண்டு, 1956 மார்ச்சு 21இல் அயனாம்சம் 23 பாகை 15 கலை என வரையறுத்தனர். இன்றும் சாதகம் கணிப்போர் பலர் 'லாகிரி அயனாம்சம்' என்று கையாளுவது இதுவே. சாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று இல்லத்தில் கேட்பதுண்டு. கணக்கில் நம்பிக்கை உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இதுகாறும் சித்திரையை ஒரு மீன் என்றே எழுதி வந்தேன். நம் மரபும் அங்ஙனமே சொல்லும். கார்த்திகைக்கு ஆறு மீன். ஆதிரை, சித்திரை, சோதி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றே. தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒன்றே. ஆயினும் அஃது ஒன்று அன்று.

இவ்வுண்மை வெளிப்பட்ட கதையில் இரயில் வண்டிக்கும் பங்கு உண்டு. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் என்பார் பிராகு நகரில் ஒரு கட்டுரை படித்தார். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைப் பற்றியது அக்கட்டுரை. நம்மை நோக்கி வரும் மீனின் ஒளியலை நெருங்கியும், நம்மை விட்டு விலகும் மீனின் ஒளியலை விரிந்தும் தோன்றும் என்றார். இரட்டை மீன்களின் வெவ்வேறு நிறங்களுக்கு அதுவே காரணம் என்று அவர் எண்ணியது தவறாயிற்று. அடிப்படைக் கருத்து மட்டும் நிலைத்தது. 1845இல் பாய்ஸ் பாலட் என்னும் டச்சு அறிஞர், உட்ரெக்டு நகரை ஒட்டிய இருப்புப் பாதையில் ஊதுகொம்பு இசைப்போரை வண்டியில் ஏற்றி ஓட்டி, ஒலியில் இக்கருத்தைச் சோதித்தார். நெருங்கும் போது சுரம் ஏறியது. விலகும் போது இறங்கியது. நிற்காத விரைவு வண்டி ஒன்று ஊதிக்கொண்டே நிலையத்தைக் கடப்பதைக் கேட்டிருப்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒளியில் இதனைக் காணப் பல ஆண்டுகள் ஆயின. மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறமாலையாக விரித்தால், இடையிடையே கரிய கோடுகள் தோன்றும். மீன் நெருங்கினால் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் சிறிது சாயும். 1889இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் எட்வர்டு பிக்கரிங், ஒரு மீனின் கோடுகள் சில நாள்களில் இரண்டாகப் பிரிவதையும் மீண்டும் ஒன்றாவதையும் கண்டார். அம்மீன் நாம் மணமக்களுக்கு அருந்ததியோடு காட்டும் வசிட்டன். ஒருவராக நாம் எண்ணிய வசிட்டர் அன்று இருவரானார்! அடுத்த ஆண்டே, 1890இல், பெர்லினை அடுத்த பாட்ஸ்டம் வானாய்வகத்தில் ஹெர்மன் கார்ல் ஃபோகல் சித்திரையின் நிறமாலைப் படங்களை அடுக்கி வைத்து ஒப்பிட்டார். கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, மறு பக்கம் சாய்ந்து, நான்கு நாளில் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன. சித்திரை நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக உழல்கின்றது. கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதனைச் சுழற்றுகின்றது என்பது இதனால் பெறப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கலான அத்துணையின் கோடுகளும் நிறமாலையில் அகப்பட்டன.

இரண்டு என்று அறிந்தாயிற்று. எவ்வளவு பெரியவை, எவ்வளவு தொலைவு என்பதை அறிய வேறு வகைக் கருவி வேண்டியிருந்தது. இவ்விடத்தில்தான் யான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் நம் சிறு வண்டி குன்னூரைக் கடந்து உதகைக்குச் செல்லும் வழியில் அருவங்காடு என்றொரு நிலையம் உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள ஊர். அவ்வூரில் 1916 ஆகஸ்டு 31இல், படை அதிகாரி ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார் ராபர்ட் ஹான்பரி பிரௌன். சிறு வயதிலேயே படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவி அமைப்பதில் உழைத்தார். போருக்குப் பின் வானாய்வில் புகுந்தார். ஒரு மீனின் ஒளியைச் சற்று இடைவெளி விட்டு நிறுத்திய இரு ஆடிகளில் பெற்று, இரண்டிலும் ஒளி நடுங்கும் நடுக்கம் எவ்வளவு ஒத்துப்போகின்றது என்று ஒப்பிட்டால் மீனின் குறுக்களவை அறியலாம் என்று அவரும் ரிச்சர்டு ட்விஸ் என்பவரும் சொன்னார்கள். இயற்பியலார் பலர் இஃது இயலாது என்று மறுத்தனர். இருவரும் பழைய படைத்துறைத் தேடொளி விளக்குகளின் ஆடிகளைக் கொண்டே சீரியசு என்னும் மீனின் குறுக்களவை அளந்து, 1956இல் வெளியிட்டனர்.

அதன்பின் ஆஸ்திரேலியாவில் நாரப்ரை என்னும் ஊரை அடுத்துப் பெரிய கருவியை நிறுவினர். 6.5 மீட்டர் குறுக்களவுள்ள இரு ஆடிகள். ஒவ்வொன்றும் ஒரு வண்டியின் மேல். வண்டிகள் ஓடுவது எதன் மேல்? தண்டவாளத்தின் மேல்! 188 மீட்டர் குறுக்களவில் வட்டமாக இட்ட இருப்புப் பாதை. அதன் அகலம் 5.5 மீட்டர், நம் அகலப் பாதை 1.676 மீட்டர்தான் என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன். வானில் மீன் நகர நகர, வண்டிகளும் பாதையில் மெல்ல ஊர்ந்து அதனைத் தொடர்ந்தன. நிலையமில்லை, பயணியில்லை, சீட்டில்லை. மலை இரயில் ஓடும் ஊரில் பிறந்த பிள்ளை விண்மீனை அளக்க இருப்புப் பாதை போட்டார் என்பதற்குக் காரண காரியம் கற்பிக்க யான் முனையவில்லை. எனினும் நம் பணிமனைத் தோழர்கள் அறிய வேண்டிய செய்தி என்று எண்ணுகின்றேன்.

அக்கருவி அளந்த 32 மீன்களுள் சித்திரையும் ஒன்று. 1971இல் முடிவு வெளிவந்தது. தொலைவு கண்ட விதம் இது: இரு மீன்களும் எவ்வளவு விரைவில் சுழல்கின்றன என்பதை நிறமாலை காட்டும், அதிலிருந்தும் சுழற்சித் தளத்தின் சாய்விலிருந்தும் அவற்றின் இடைவெளி கிலோமீட்டரில் கிடைக்கும். நம் கண்ணுக்கு அவ்விடைவெளி எவ்வளவு சிறிதாகத் தோன்றும் என்பதைக் கருவி காட்டும். இரு விளக்குகளுக்கு இடையே உள்ள மெய்யான இடைவெளியும் தோற்ற இடைவெளியும் தெரிந்தால், எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்று சொல்லிவிடலாம் அன்றோ? அன்று கண்ட தொலைவு ஏறத்தாழ 270 ஒளியாண்டு. பின்னர், ஹிப்பார்க்கஸை நினைவூட்டும் பெயரோடு 1989இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள் அளந்தவற்றைக் கொண்டு இப்போது ஏறத்தாழ 250 என்கின்றனர். இன்றிரவு நம் கண்ணில் படும் சித்திரையின் ஒளி புறப்பட்ட நாளில் உலகில் நீராவி இரயில் எங்கும் ஓடவில்லை.

பிரௌன் 1982 முதல் 1985 வரை அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். அவ்வொன்றியத்தின் பொதுப் பேரவை 1985இல் புது டில்லியில் கூடியபோது, அருவங்காட்டில் பிறந்தவரே தலைமை இருக்கையில் இருந்தார். 2002இல் மறைந்தார்.

இனி அவ்விருவரையும் அறிமுகம் செய்துவிடுகின்றேன். பெரியவன் எடை நம் ஞாயிற்றைப் போல் 11 மடங்குக்குச் சற்று மேல். இளையவன் 7 மடங்குக்குச் சற்று மேல். ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,800 கெல்வின், பெரியவனுக்கு 25,000, இளையவனுக்கு 20,000க்கு மேல். இவ்வெப்பத்தாலேயே சித்திரை நீலம் பாய்ந்த வெண்மையாய்த் தோன்றுகின்றது. இடைவெளியோ இரண்டு கோடி கிலோமீட்டருக்கு உட்பட்டது. ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடையே 15 கோடி என்பதை எண்ணிப் பார்க்க. இவ்வளவு பெரிய இருவர் இவ்வளவு நெருக்கமாக நின்று, நான்கு நாளும் இருபது நிமிடமும் கொண்ட ஒரு சுற்றில் சுழல்கின்றனர். ஒருவரை ஒருவர் இழுக்கும் இழுப்பில் இருவர் உருவமும் முட்டை வடிவாய் நீண்டுவிட்டது. சுழலும் போது ஒரு சமயம் அகன்ற பக்கமும் ஒரு சமயம் குறுகிய பக்கமும் நமக்குத் தெரிவதால் ஒளியும் மிகச் சிறிது கூடிக் குறையும். பெரியவன் தனியே நான்கு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்துக்கு ஒருமுறை விம்மித் தணிந்ததையும் 1960களின் இறுதியில் கண்டனர். அவ்வொளித் துடிப்பு 1970களின் தொடக்கத்தில், பார்த்துக்கொண்டிருக்கும் போதே தேய்ந்து மறைந்தது.

இத்தகைய பெருமீன்கள் நெடுங்காலம் வாழ்வதில்லை. எரிபொருள் மிகுதி, எரிக்கும் வேகமோ அதனினும் மிகுதி. பெரியவன் ஒரு காலத்தில் வெடித்துச் சிதறுவான் என்பது வானநூலார் கருத்து. அது மனிதக் கணக்கில் மிகத் தொலைவான காலம். பஞ்சாங்கக்காரர் இப்போதே கவலையுற வேண்டுவதில்லை. ஆனால் அசையாத முளை என்று கருதி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக உலகம் தன் காலத்தைக் கட்டி வைத்த கல், உள்ளே நான்கு நாளுக்கு ஒருமுறை சுழன்றுகொண்டிருக்கின்றது என்பதை அறிந்தபின், யான் சித்திரைப் பௌர்ணமியைப் பார்க்கும் பார்வை முன்போல் இல்லை.

காண விரும்புவோர்க்கு வழி சொல்கின்றேன். ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணியளவில் மாடிக்குச் செல்க. வடக்கே எழுமுனிவர் என்னும் ஏழு மீன்களைக் காண்க. அவற்றின் வால் வளைந்து செல்லும் போக்கிலேயே கண்ணைச் செலுத்தினால் செம்மஞ்சள் நிறத்தில் சோதி மீன் வரும். அதே வளைவில் மேலும் தென்கிழக்கே வந்தால் வெண்ணீலமாய் நிற்பது சித்திரை. பணிமனை விளக்குகளின் ஒளியிலும் தெளிவாகத் தெரியும்.

சென்ற புத்தாண்டன்று இனிப்புத் தட்டோடு வந்த என் வங்காள நண்பரை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். மாதப் பெயரின் காரணத்தையும் சொன்னேன். விசாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு என்றதில் அவருக்கு மகிழ்ச்சி. பின்பு நெடுநேரம் அண்ணாந்து நோக்கிவிட்டு, "இரண்டு என்கிறீர்களே, மற்றது எங்கே தாதா?" என்று கேட்டார்.

"நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இருவரையுந்தான்" என்றேன்.